காவல் சீர்திருத்தமும் மக்கள் நம்பிக்கையும்: கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காவல் சீர்திருத்தம் என்றதும் ஆணையம், அறிக்கை, மானியக் கோரிக்கை அறிவிப்பு என்றுதான் பேச்சு போகிறது. நிலையத்தின் படி ஏறுகிறவருக்கு வேண்டியது ஒன்றுதான்: கொடுத்த புகாருக்குக் கையில் ஒரு தாள். எந்தச் சீர்திருத்தம் அந்தத் தாளைக் கொண்டுவந்து சேர்த்தது, எது வழியிலேயே நின்றுபோனது என்ற கணக்கில்தான் இந்தப் பக்கத்தின் பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

சீர்திருத்தம் என்று இத்தனை வருஷமாகச் சொல்கிறார்களே, எது எங்கிருந்து தொடங்கியது?

தமிழ்நாட்டுக் காவல் துறையின் அடிப்படைச் சட்டம் 1859-ஆம் ஆண்டினுடையது. நாடு முழுதுக்குமான 1861-ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தைவிட அது இரண்டு வயது மூத்தது. கும்பினி ஆட்சி முடிந்த கையோடு, ஆள்கிறவருக்குப் பதில் சொல்லும் படையாக அமைத்தார்கள். குடிமக்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அதில் இல்லை. 1977-இல் அமைந்த தேசியக் காவல் ஆணையம் 1981 வரை தொகுதி தொகுதியாக அறிக்கை கொடுத்தது. அவை தூங்கின. ஓய்வுபெற்ற டி.ஜி.பி. (மாநிலக் காவல் துறைத் தலைவர்) பிரகாஷ் சிங் தொடுத்த வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகள் போட்டது. மாநிலப் பாதுகாப்பு ஆணையம், டி.ஜி.பி. தேர்வுக்கு முறை, எஸ்.பி.க்கும் நிலையப் பொறுப்பாளருக்கும் குறைந்தது 2 ஆண்டு பதவிக்காலம், புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் பிரிப்பது, இடமாற்றங்களை முடிவு செய்யக் காவல் அதிகாரிகளைக் கொண்ட வாரியம், காவலர்கள் மீதான புகார்களுக்குத் தனி ஆணையம், ஒன்றிய அளவில் ஒரு பாதுகாப்பு ஆணையம் ஆகியவை அந்த ஏழு.

தமிழ்நாடு இதற்காக 2013-இல் காவல் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. 2022-இல் ஓய்வுபெற்ற நீதிபதி சி.டி.செல்வம் தலைமையில் மறுபடி ஓர் ஆணையம் அமைந்தது. அறிக்கைக்கு இங்கே என்றுமே பஞ்சம் இருந்ததில்லை.

அந்த 2013 சட்டம் நீதிமன்றம் சொன்னதை நிறைவேற்றிவிட்டதா?

பெயரளவில் நிறைவேற்றியது. மக்கள் நம்பிக்கையைத் தொடும் இடத்தில் ஓட்டை விட்டது. காவலர் மீதான புகாரை மாநில அளவில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதியும், மாவட்ட அளவில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் விசாரிக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். தமிழ்நாட்டுச் சட்டம் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலரைத் தலைவராக்கி, டி.ஜி.பி.யையும் சட்டம் ஒழுங்கு ஏ.டி.ஜி.பி.யையும் உறுப்பினராக்கியது. மாவட்டத்தில் ஆட்சியர் தலைவர், எஸ்.பி.யும் கூடுதல் எஸ்.பி.யும் உறுப்பினர்.

நெல்லிக்குப்பத்தில் ஒருவர் உதவி ஆய்வாளர் மீது புகார் கொடுக்கிறார் என்று வையுங்கள். அந்த உதவி ஆய்வாளரின் அன்றாட வேலைக்குப் பொறுப்பான எஸ்.பி.யே விசாரணை மேசையிலும் உட்கார்ந்திருப்பார். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் புகார் கொடுத்தவர் நம்ப மாட்டார். இந்த அமைப்பு முறை நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டதற்குக் காரணமும் இதுதான்.

புதுச்சேரியில் நிலைமை வேறு. அங்குள்ள காவல் புகார் ஆணையம் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் இயங்கிவந்திருக்கிறது. எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினால் சாலை ஒன்றுதான், பேச்சும் ஒன்றுதான். காவலர் மீது புகார் கொடுக்கும் வாசல் மட்டும் மாறிவிடுகிறது.

புகாரை எப்படி எழுதிக் கொடுக்க வேண்டும்?

வெள்ளைத் தாளில், தமிழில், கையால் எழுதினால் போதும். டைப் அடிக்கவோ முத்திரைத்தாள் வாங்கவோ தேவையில்லை. பெறுநர் இடத்தில் நிலைய ஆய்வாளர் என்று பதவியை மட்டும் எழுதுங்கள். உள்ளடக்கத்தில் இருக்க வேண்டியவை: நடந்த நாள், மணி (சரியாகத் தெரியாவிட்டால் ‘சுமார் இரவு 8’ என்று), இடமும் அருகிலுள்ள அடையாளமும், யார் என்ன செய்தார், யார் பார்த்தார், என்ன போனது, அதன் மதிப்பு எவ்வளவு. ஆள் தெரியாது என்றால் ‘அடையாளம் தெரியாத இருவர்’ என்றே எழுதுங்கள். சந்தேகத்தில் ஒரு பெயரைச் சேர்த்துவிட்டால் பிறகு அதுவே வழக்கைக் கெடுக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கிழிப்பது அந்த வரியைத்தான்.

புகார் கொடுக்கத் தாமதமாகியிருந்தால் காரணத்தையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். ‘அடிபட்டு அரசு மருத்துவமனையில் மூன்று நாள் உள்நோயாளியாக இருந்தேன்’ என்பது போல. சட்டப் பிரிவு எண்களை நீங்கள் எழுத வேண்டாம். அதை எழுதுவது அவர்கள் வேலை. தப்பான பிரிவைப் போட்டுக் கொடுத்தால் ‘இது இந்தப் பிரிவில் வராது’ என்று திருப்பி அனுப்ப ஒரு சாக்கு கிடைக்கும்.

இரண்டு நகல் கொண்டுபோங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் நிலைய முத்திரை, தேதி, வாங்கியவர் கையெழுத்து கேளுங்கள். எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லலாம். அவர்கள் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்தோ ரேகையோ வாங்க வேண்டும்.

‘சி.எஸ்.ஆர். போட்டுட்டோம், போங்க’ என்கிறார்கள். அது எஃப்.ஐ.ஆர். தானே?

இல்லை. இந்தக் குழப்பத்தால் பலருக்கு மாதக்கணக்கில் நாள் வீணாகிறது.

சி.எஸ்.ஆர். என்பது மனு வந்தது என்பதற்கான ரசீது. எண், தேதி, மனுதாரர் பெயர், மனுவின் சுருக்கம் அதில் இருக்கும். அதனால் வழக்குப் பதிவானதாக ஆகாது. நீதிமன்றத்துக்கும் எதுவும் போகாது. எஃப்.ஐ.ஆர். என்பது பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்திருக்கிறது என்று பதிவு செய்து, நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்துக்கு அனுப்பும் ஆவணம். புலனாய்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

லலிதா குமாரி வழக்கில் 2013-இல் அரசியல் சாசன அமர்வு தெளிவாகச் சொன்னது: புகாரில் அப்படிப்பட்ட குற்றம் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தின் 173(3) பிரிவு ஒரு சந்து விட்டிருக்கிறது. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்கு உட்பட்ட தண்டனையுள்ள குற்றங்களில், டி.எஸ்.பி.யின் முன் அனுமதியோடு, 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். ஆகவே ‘விசாரிச்சுட்டுத்தான் போடுவோம்’ என்றால் மரியாதையாக இரண்டு கேள்வி கேளுங்கள்: டி.எஸ்.பி. அனுமதி வாங்கியாயிற்றா? 14 நாள் எந்தத் தேதியில் முடிகிறது? பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில் முதற்கட்ட விசாரணை தேவையே இல்லை என்று 2018 திருத்தம் சொல்கிறது.

நிலையங்கள் ஏன் சி.எஸ்.ஆரோடு நிறுத்தப் பார்க்கின்றன? சோம்பல் ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. எஃப்.ஐ.ஆர். எண்ணிக்கை கூடினால் ‘உங்கள் எல்லையில் குற்றம் பெருகிவிட்டது’ என்று மாதாந்திரக் கூட்டத்தில் கேள்வி வரும். சட்டசபையில் எதிர்க்கட்சி அதே எண்ணைப் படிக்கும். எண்ணைக் குறைத்துக் காட்டச் சொல்லும் அரசியல், பதிவேட்டில்தான் கை வைக்கிறது. பதிவு கூடுவதை நிர்வாகத் தோல்வியாகப் பார்ப்பதை எந்தக் கட்சி ஆண்டாலும் நிறுத்தாதவரை இந்த நோய் போகாது.

எஃப்.ஐ.ஆர். நகல் கையில் வந்ததும் எதைப் பார்க்க வேண்டும்?

நகல் இலவசம். கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள்.

படிவத்தின் மேலே மாவட்டம், நிலையம், ஆண்டு, குற்ற எண், தேதி. 2-ஆம் கட்டத்தில் சட்டமும் பிரிவும். 3-இல் சம்பவம் நடந்த நாளும் நேரமும், நிலையத்துக்குத் தகவல் வந்த நேரமும் தனித்தனியாக இருக்கும். இரண்டையும் சரிபாருங்கள். காலை 10 மணிக்கு நீங்கள் கொடுத்த புகார் இரவு 9 மணிக்கு வந்ததாகப் பதிவாகியிருந்தால், நடுவில் போன 11 மணி நேரத்துக்கு நாளை நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். 8-ஆம் கட்டம் தாமதத்துக்கான காரணம். நீங்கள் எழுதிய காரணம் அங்கே வந்திருக்கிறதா? 9, 10 களவுபோன பொருளும் மதிப்பும். ஐந்து பவுன் மூன்று பவுனாகியிருக்கிறதா? 12-இல் உங்கள் வாக்குமூலம். 15-இல் நீதிமன்றத்துக்கு அனுப்பிய நாளும் நேரமும்.

தவறு இருந்தால் அன்றே எழுத்து மூலம் கொடுங்கள். எஃப்.ஐ.ஆரை அடித்துத் திருத்த முடியாது. ஆனால் கூடுதல் வாக்குமூலமாகச் சேர்க்கலாம்.

புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ 90 நாளுக்குள் புலனாய்வின் நிலையைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 193. அந்த 90-ஆம் நாளை வீட்டுக் காலண்டரில் இன்றே வட்டமிடுங்கள்.

வாங்கவே மறுத்தால்?

முதல் படி, அதே புகாரை ‘நிலையத்தில் கொடுத்தேன், ஏற்கவில்லை’ என்ற வரியோடு எஸ்.பி.க்கு ஒப்புகையுடன் தபாலில் அனுப்புவது. இது பி.என்.எஸ்.எஸ். 173(4) பிரிவு கேட்கும் படி. எஸ்.பி. அலுவலகத்தின் புதன்கிழமை மனு முகாமிலும் நேரில் கொடுக்கலாம். ஆனால் நேரில் கொடுத்தாலும் தபாலையும் அனுப்புங்கள். நீதிமன்றத்தில் காட்ட அந்த ஒப்புகை வேண்டும். ஆட்சியரின் திங்கள்கிழமைக் கூட்டத்தில் கொடுக்கும் மனு கடைசியில் அதே நிலையத்துக்குத்தான் திரும்பி வரும். கொடுப்பதில் தப்பில்லை, அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

அடுத்த படி, 175(3) பிரிவின் கீழ் நடுவர் நீதிமன்றத்தில் மனு. பிரமாணப் பத்திரம் கட்டாயம். எஸ்.பி.க்கு அனுப்பிய தபால் சான்று இல்லாமல் போனால் மனு அங்கேயே அடிபடும். பலருடைய மனு விழுவது இந்த ஒரு ரசீதைத் தொலைத்ததால்தான்.

பாலியல் குற்றம் பற்றிய தகவலைப் பதிவு செய்யாத அலுவலருக்கு புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 199-ஆவது பிரிவில் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் இலவசச் சட்ட உதவி எண்ணான 15100-ஐ அழையுங்கள். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் சட்ட உதவி கிடைக்கும்.

சம்பவம் புதுச்சேரி கன்னியக்கோயில் பக்கம், வீடு கடலூர் ரெட்டிச்சாவடி பக்கம். எந்த நிலையம்?

எதில் வேண்டுமானாலும். ‘இது புதுச்சேரி லிமிட்’, ‘அது தமிழ்நாட்டு கேஸ்’ என்று இரண்டு பக்கமும் பந்து உதைப்பது இந்த எல்லையின் பழைய வழக்கம். பி.என்.எஸ்.எஸ். 173(1) அதற்கு முடிவு கட்டியிருக்கிறது. எல்லை பார்க்காமல் பூஜ்ஜிய எண்ணில் எஃப்.ஐ.ஆர். போட்டு, உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டியது வாங்கிய நிலையத்தின் பொறுப்பு. மின்னணு வழியிலும் தகவல் கொடுக்கலாம். 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும்.

நடைமுறையில் கோளாறு வருவது மாற்றி அனுப்பும்போது. புதுச்சேரியின் கிருமாம்பாக்கத்தில் பதிந்தது கடலூர் மாவட்டத்துக்கு வர இரண்டு காவல் நிர்வாகங்களைத் தாண்ட வேண்டும். பூஜ்ஜிய எண்ணையும் அனுப்பிய தேதியையும் குறித்து வைத்து, ஒரு வாரத்தில் உரிய நிலையத்துக்குப் போய் அவர்கள் கொடுத்த புதுக் குற்ற எண்ணைக் கேளுங்கள்.

கட்சிக்காரர் யாரையாவது கூட்டிப்போனால் வேலை சீக்கிரம் நடக்குமே?

சில சமயம் நடக்கும். அதற்கு விலை உண்டு. உங்களுக்காகப் பேச ஒன்றியச் செயலாளர் வந்தால், எதிராளிக்காகப் பேச இன்னொரு கட்சிக்காரர் வருவார். இரண்டு பேரும் ஆய்வாளர் அறையில் உட்கார்ந்ததும் வழக்கு சமரசப் பேச்சாகிவிடும். குற்றம் மறைந்து, ‘ஊர் அமைதி’ முன்னால் வந்து நிற்கும். துணைக்கு ஆள் வேண்டுமானால் வக்கீலையோ, படித்த உறவினரையோ அழைத்துப்போங்கள்.

நில எல்லை, கொடுக்கல் வாங்கல், வாடகை போன்றவை சிவில் விவகாரம். நிலையத்தில் உட்காரவைத்து ‘இத்தனை நாளில் கொடுத்துவிடு’ என்று எழுதி வாங்குவது கட்டப்பஞ்சாயத்து. யாருக்குச் சாதகமாக நடந்தாலும் அது கட்டப்பஞ்சாயத்துதான். இன்று உங்களுக்கு வாங்கிக்கொடுத்த அதே கை நாளை உங்களிடமிருந்து வாங்கும்.

ஆய்வாளரை அடிக்கடி மாற்றுகிறார்கள். அதனால் எனக்கென்ன?

உங்கள் வழக்கின் கட்டு கைமாறுகிறது. புதியவர் வழக்கு நாட்குறிப்பை முதலிலிருந்து படிக்க வேண்டும். சாட்சிகளை அவருக்கு முகம் தெரியாது. பழையவர் வாய்மொழியாகத் தெரிந்து வைத்திருந்தது அவரோடு போய்விடும். நீதிமன்றத்தில் விசாரணை வரும்போது பழைய ஆய்வாளர் வேறொரு மாவட்டத்தில் இருப்பார். அவர் வராததால் வாய்தா. இதற்காகவே பி.என்.எஸ்.எஸ். 336, மாறிப்போனவருக்குப் பதில் இப்போது அந்தப் பதவியில் இருப்பவர் ஆவணத்தின் பேரில் சாட்சி சொல்ல வழி செய்கிறது.

2 ஆண்டுப் பதவிக்காலம் என்ற கட்டளையின் நோக்கம், ‘நான் சொன்னதைக் கேட்காவிட்டால் மாற்றிவிடுவேன்’ என்ற மிரட்டலுக்குப் பல் பிடுங்குவது. ஆனால் நிர்வாகக் காரணம் என்ற இரண்டு சொல்லில் அந்தப் பாதுகாப்பு கரைந்துவிடும். மேல்மட்டத்திலும் இதே கதைதான். பொறுப்பு டி.ஜி.பி. என்று யாரையும் அமர்த்தக் கூடாது என உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்னது. 2025 ஆகஸ்ட் இறுதியில் தமிழ்நாட்டில் பொறுப்பு டி.ஜி.பி. நியமனமே நடந்தது.

போனில் ‘ஸ்டேஷனுக்கு வா’ என்கிறார்கள். போக வேண்டுமா?

எழுத்தில் கேளுங்கள். சாட்சியாக அழைத்தால் பி.என்.எஸ்.எஸ். 179-ஆவது பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவராக அழைத்தால் 35(3). இரண்டுக்கும் எழுத்து மூலம் அறிவிப்பு வேண்டும். 35(3) அறிவிப்பை வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அறிவிப்பு முறையாக வந்துவிட்டால் கட்டாயம் போங்கள். போகாமல் இருப்பதே கைதுக்குக் காரணமாகும். பெண்கள், 15 வயதுக்கு உட்பட்டோர், 60 வயது தாண்டியோர், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரைச் சாட்சியாக விசாரிக்க அவர்கள் இருக்கும் இடத்துக்குத்தான் காவலர் வர வேண்டும்.

நிலையத்தில் சாட்சி சொன்னதை எழுதி அதில் கையெழுத்துக் கேட்டால், சாட்சி கையெழுத்திடத் தேவையில்லை. வெள்ளைத் தாளில் கையெழுத்து ஒருபோதும் வேண்டாம்.

வீட்டு ஆளைக் கூட்டிப்போய்விட்டார்கள். முதல் சில மணி நேரம் என்ன செய்வது?

மணியைக் குறியுங்கள். எந்த வண்டி, எத்தனை பேர், சீருடையா சாதாரண உடையா என்று எழுதுங்கள். நிலையத்துக்குப் போய் நான்கைக் கேளுங்கள்: கைது குறிப்பு (குடும்பத்தார் ஒருவர் அல்லது ஊர்ப் பெரியவர் ஒருவர் சாட்சிக் கையெழுத்து அதில் இருக்க வேண்டும்), கைதுக்கான காரணம் எழுத்தில், மருத்துவப் பரிசோதனைச் சீட்டு, எந்த நடுவர் முன் எப்போது ஆஜர். கைதுக் காரணத்தை அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் குற்றங்களுக்கும் விரித்துச் சொல்லிவிட்டது. பயண நேரம் போக 24 மணிக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். சூரியன் மறைந்தபின் பெண்ணைக் கைது செய்வதானால் விதிவிலக்கான சூழலும், பெண் அலுவலரும், நடுவரின் முன் அனுமதியும் வேண்டும்.

‘இங்கே கொண்டுவரவில்லை’ என்றால் உடனே 112-க்கு அழைத்துப் பதிவாக்குங்கள், எஸ்.பி.க்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் மின்னஞ்சலோ தந்தி போன்ற சுருக்கமான செய்தியோ அனுப்புங்கள். நேரம் பதிவாவதுதான் முக்கியம். பிறகு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதாவது ஆளை நேரில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு.

நடுவர் முன் நிறுத்தும்போது ‘அடித்தார்களா?’ என்று அவர் கேட்பார். பக்கத்தில் நிற்கும் காவலரைப் பார்த்துப் பயந்து ‘இல்லை’ என்று சொல்வதுதான் பெரும்பாலான வழக்குகள் உடையும் இடம். வக்கீல் முன்கூட்டியே ஆளைத் தனியாகப் பார்க்க வேண்டியது அதற்காகத்தான்.

கேமரா வைத்தாயிற்றே, இனி அடி இருக்காது அல்லவா?

கேமரா இருப்பதும், பதிவு இருப்பதும் வேறு வேறு. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிக்கப்பட்டு இறந்தபோது, நிலையத்தில் கேமரா இருந்தது. அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி அமைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப்போன நீதித்துறை நடுவர் அறிக்கை தந்தார். கேமராவின் சேமிப்பு வட்டில் இடம் இருந்தும் பதிவு இல்லை.

அதே ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் விவரமாக உத்தரவிட்டது. நுழைவாயில், பின்வாசல், எல்லா லாக்கப், தாழ்வாரம், வரவேற்பு இடம், ஆய்வாளர் அறை, உதவி ஆய்வாளர் அறை, கழிவறைக்கு வெளியே என ஒரு மூலையும் விடக்கூடாது. இருளிலும் தெரிய வேண்டும், ஒலியும் பதிய வேண்டும். 18 மாதம் சேமிக்க வேண்டும்; அத்தகைய கருவி கிடைக்காவிட்டாலும் ஓர் ஆண்டுக்குக் குறையக் கூடாது. மாவட்டக் கண்காணிப்புக் குழு ஒன்றும் வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது: சம்பவம் நடந்த சில நாளுக்குள், தேதி, மணி இவற்றைக் குறித்து, ‘இந்த நேரத்துப் பதிவை அழிக்காமல் பாதுகாக்கவும்’ என்று எஸ்.பி.க்கும் நடுவருக்கும் எழுதிக் கொடுப்பது. காட்சியைக் கொடு என்பதைவிடப் பாதுகாத்து வை என்ற கோரிக்கையை மறுப்பது அவர்களுக்குக் கடினம்.

சாதாரண உடையில் வரும் தனிப்படை?

கேமரா இல்லாத இடத்தில் விசாரணை நடக்கும் ஆபத்து இங்கேதான் அதிகம். 2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் இறந்தது தனிப்படையின் காவலில். நகை காணவில்லை என்ற புகாருக்காக அவரை நிலையத்துக்கு வெளியே வைத்து அடித்தார்கள். அதன்பின் முறையான உத்தரவில்லாத தனிப்படைகளைக் கலைக்கச் சொன்னார்கள். யாராவது சாதாரண உடையில் வந்தால் பெயரும் பதவியும் கேளுங்கள். கைது செய்பவர் தெளிவாகத் தெரியும் பெயர் அடையாளம் அணிந்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

கடலூர் மாவட்டத்தில் காவல் நிலையம் என்றாலே பெரியவர்கள் ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள்?

காரணம் இருக்கிறது. 1993 மார்ச்சில் முதனை கிராமத்து ராஜாகண்ணு திருட்டுப் புகாரில் கம்மாபுரம் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். தப்பி ஓடிவிட்டார் என்றார்கள். உடல் மாவட்ட எல்லைக்கு அப்பால் மீன்சுருட்டிப் பக்கம் கிடைத்தது. மனைவி ஆட்கொணர்வு மனு போட்டார், வழக்கறிஞர் கே.சந்துரு நடத்தினார். காவலர்களின் தண்டனை உயர் நீதிமன்றத்தில் நிலைபெற 2006 ஆயிற்று. பதின்மூன்று ஆண்டு. குறவர், இருளர் குடியிருப்புகளில் அந்தக் கணக்கு இன்னும் வாயில் இருக்கிறது. திருட்டு நடந்தால் முதலில் அந்தத் தெருவுக்கு வண்டி போவது நின்றால்தான் அங்கே நம்பிக்கை துளிர்க்கும். காவல் துறை நடத்தும் எந்தப் பொங்கல் விளையாட்டுப் போட்டியும் அதற்கு ஈடாகாது.

காவலில் இறப்பு நடந்தால் இப்போது பி.என்.எஸ்.எஸ். 196-இன்படி நீதித்துறை நடுவரே விசாரிக்க வேண்டும். குடும்பத்தார் அந்த விசாரணையில் வாக்குமூலம் கொடுக்கலாம். உடற்கூறு ஆய்வைப் படம்பிடிக்கவும் கோரலாம். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு மனு என்றால் சம்பவம் நடந்து ஓர் ஆண்டுக்குள் போக வேண்டும்.

காவலர்கள் பக்கம் நியாயமே இல்லையா?

நிறைய இருக்கிறது. மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம், ஆருத்ராவுக்கும் ஆனித் திருமஞ்சனத்துக்கும் சிதம்பரம், ஐப்பசி கார்த்திகையில் புயல் மழை, நடுவில் அமைச்சர் வருகை, கட்சிப் பொதுக்கூட்டம். எல்லாவற்றுக்கும் போவது அதே உதவி ஆய்வாளர். உங்கள் திருட்டு வழக்கின் சாட்சியை விசாரிக்க வேண்டியவரும் அவரே. பந்தோபஸ்து முடிந்து வந்து இரவு 11 மணிக்கு வழக்குக் கட்டைப் பிரிப்பவரிடம் நுணுக்கமான புலனாய்வை எதிர்பார்க்க முடியாது. புலனாய்வைத் தனியாகப் பிரிக்கச் சொன்னது இதற்காகத்தான். ஆள் கூட்டாமல் பலகையை மட்டும் பிரித்தால் பயன் இல்லை.

2021-இல் காவலர்களுக்கு வார ஓய்வு அரசாணை வந்தது. காவலரை அதிகாரி வீட்டு வேலைக்கு வைக்கும் ஆர்டர்லி முறையை 1979-லேயே ஒழித்ததாகச் சொன்னார்கள்; அதை ஒழிக்க 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் மறுபடி கடிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதிகாரி வீட்டில் நாயைக் குளிப்பாட்டிவிட்டு வரும் காவலர், அந்த அவமானத்தை நிலையத்தில் யார் மீது இறக்குவார் என்பதை யோசித்துப் பாருங்கள். காவலரின் வார ஓய்வுக்காகப் பேசுவதும் மக்கள் உரிமைக்காகப் பேசுவதுதான்.

ஆட்சி மாறியதும் பழைய வழக்குகளை வாபஸ் வாங்குகிறார்களே, அது சரியா?

அரசு வழக்கறிஞர் பி.என்.எஸ்.எஸ். 360-இன்படி நீதிமன்ற ஒப்புதலோடு வழக்கைத் திரும்பப் பெறலாம். போராட்ட வழக்குகளில் இது நியாயமாகவும் இருக்கும். நிலம் காக்க உட்கார்ந்தவர் மீது பத்து ஆண்டு வழக்கு நடத்துவதில் யாருக்கும் லாபம் இல்லை. ஆனால் புதுச் சட்டத்தில் ஒரு நல்ல சேர்க்கை உண்டு: பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் நீதிமன்றம் ஒப்புதல் தரக் கூடாது. எம்.பி., எம்.எல்.ஏ. மீதான வழக்கென்றால் உயர் நீதிமன்ற அனுமதியும் வேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

தேர்தல் சமயத்தில் நிலையம் யார் கையில்?

தேர்தல் ஆணையத்தின் கட்டுப்பாட்டில். சொந்த மாவட்டத்தில் இருப்பவர்களையும், நான்கு ஆண்டில் மூன்று ஆண்டு ஒரே மாவட்டத்தில் கழித்தவர்களையும் மாற்றிவிடுவார்கள். இந்த மாற்றத்தில் நடப்பு வழக்குகள் தேங்கும். உங்கள் வழக்கு இருந்தால் புதியவர் வந்த முதல் வாரத்திலேயே குற்ற எண்ணோடு போய்ப் பாருங்கள்.

புதுச்சேரியில் துணைநிலை ஆளுநரா, முதல்வரா, யாரிடம் முறையிடுவது?

இந்த இழுபறி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அன்றாட நிர்வாகத்தில் ஆளுநர் தலையிட முடியாது என்று 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி சொன்னார். 2020-இல் இரு நீதிபதி அமர்வு அதை ரத்து செய்தது. புகார்தாரர் இதில் சிக்க வேண்டாம். நிலையம், சீனியர் எஸ்.பி., காவல் தலைமையகம், நடுவர் நீதிமன்றம் என்ற வரிசையே போதும். காவலர் மீதான புகாருக்குக் காவல் புகார் ஆணையம்.

நான் கொடுத்த மனு என்ன ஆனது என்று ஆர்.டி.ஐ.யில் (தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில்) கேட்கலாமா?

கேட்கலாம், கேட்கவும் வேண்டும். தமிழ்நாட்டில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, எஸ்.பி. அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். ‘ஏன் நடவடிக்கை இல்லை?’ என்று கேட்டால் பதில் வராது. அது தகவல் அல்ல என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: ‘சி.எஸ்.ஆர். எண் இது, தேதி இது. இந்த மனு மீது எழுதப்பட்ட விசாரணை அறிக்கையின் நகல், முடித்துவைத்த உத்தரவின் நகல், விசாரித்த அலுவலரின் பதவி, ஒவ்வொரு மேசையிலும் மனு இருந்த நாட்கள்.’ 30 நாளில் பதில் வர வேண்டும். ஒருவரின் உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதானால் 48 மணி நேரம். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் தகவல் ஆணையம்.

புலனாய்வு நடக்கிறது என்று சொல்லி மறுத்தால், தகவல் தந்தால் புலனாய்வு எப்படிப் பாதிக்கும் என்று அவர்கள் காரணம் காட்ட வேண்டும் என்று மேல்முறையீட்டில் எழுதுங்கள். சி.எஸ்.ஆரோடு நின்றுபோன மனுவில் புலனாய்வே தொடங்கவில்லை என்பதையும் அங்கே சுட்டிக்காட்டுங்கள். அந்தக் கடிதம் போன சில நாளில் நிலையத்திலிருந்து ‘வந்து எஃப்.ஐ.ஆர். நகல் வாங்கிக்கங்க’ என்று அழைப்பு வந்தால் போய் வாங்குங்கள். வாங்கியதும் 3-ஆம் கட்டத்திலும் 8-ஆம் கட்டத்திலும் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.